தைலம்: எத்தனை சொட்டு, எந்த வழி, யாருக்கு?

ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் பையில் வர்க்கி இருக்கும், சாக்லேட் இருக்கும், ஒரு புட்டி நீலகிரித் தைலமும் இருக்கும். முதல் இரண்டும் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிடும். தைலம் மட்டும் டிவி மேசையிலோ சாமி அலமாரியிலோ வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சளி என்றால் நெஞ்சில், தலைவலி என்றால் நெற்றியில், முட்டிவலி என்றால் முட்டியில். யாரும் அளந்து போடுவதில்லை. இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற தைரியம்தான்.

அந்தப் புட்டிக்குள் எவ்வளவு இலை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குப் போக வேண்டும். ஆளுயரக் கொப்பரைக்குள் யூகலிப்டஸ் இலையைக் கொட்டி, காலால் மிதித்து அமுக்கி, மூடி போட்டு, விளிம்பில் ஆவி கசியாமல் மண் பூசுகிறார்கள். அடியில் எரிவது பெரும்பாலும் முந்தைய தடவை காய்ச்சி எடுத்த சருகுதான். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து குளிர்ந்து, தண்ணீரும் தைலமுமாகக் கலந்து சொட்டுகிறது. தைலம் மேலே மிதக்க, அதை வடித்து எடுத்துக்கொள்கிறார்கள். நூறு கிலோ இலைக்குச் சுமாராக ஒரு கிலோ தைலம் தேறும். அப்படியானால் ஒரு தேக்கரண்டித் தைலம் ஏறக்குறைய அரைக் கிலோ இலையின் சாரம். ஆவி பிடிக்கக் கைப்பிடி இலையை வெந்நீரில் போட்டவர்களின் அனுபவத்தை வைத்து இந்தப் புட்டியை எடைபோட முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த மரம் சித்தர்கள் கண்ட மரமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து 1843 வாக்கில் நீலகிரியில் நட்டது. பாட்டி வைத்தியம் என்று நாம் நம்பும் பல புட்டிகளின் வயது அந்தப் பாட்டியின் பாட்டியைத் தாண்டாது. தலைவலி பாம் கதையும் அதுதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கினார். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கொண்டுவரும் கோடாலித் தைலம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. புதியது என்பதால் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் ஆயிரம் ஆண்டு அனுபவம் இதற்குக் காவல் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் புழங்கும் எண்ணெய்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். செக்கில் ஆட்டியவை முதல் வகை: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய். இவை தோலில் தங்கும், ஆவியாகிப் போகாது. மூலிகையை இந்த எண்ணெயில் போட்டுக் காய்ச்சி வடித்த சித்த, ஆயுர்வேதத் தைலங்கள் இரண்டாம் வகை. கொப்பரையில் ஆவியாக்கி எடுத்தவை மூன்றாம் வகை: நீலகிரி, கிராம்பு, ஓமம், புதினா, விண்டர்கிரீன். திறந்து வைத்தால் மணத்தோடு பறந்துவிடும் இவைதான் சொட்டுக் கணக்கில் பேச வேண்டியவை. பாம், வலித் தைலம் எல்லாம் மூன்றாம் வகையோடு கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்த கலவை. முதல் வகையை உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்க்கலாம். அதே கைப்பழக்கம் மூன்றாம் வகைக்கும் தொற்றிக்கொள்வதில்தான் வினையே இருக்கிறது.

முதலில் சளி. நீலகிரித் தைலத்தில் மருந்துச் சரக்கு சினியோல் என்ற பொருள். ஜெர்மனியில் இதைத் தனியே பிரித்து, 200 மில்லிகிராம் உறைகளாக்கி, சைனஸ் அழற்சிக்கும் மூச்சுக்குழல் அழற்சிக்கும் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நாளைக்கு மூன்று உறை, அதாவது 600 மில்லிகிராம் என்ற அளவில் ஓரளவு பலன் தெரிந்தது. ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலத்தில் மூன்று கிராமுக்கு மேல் சினியோல் இருக்கும். சர்க்கரையில் ஊற்றி விழுங்குகிறேன், தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு தேக்கரண்டி ஆபத்தாக முடிந்திருக்கிறது. குழந்தைக்கு இரண்டு மூன்று மில்லி போதும், மயங்கிச் சரிந்துவிடும். வலிப்பும் வரலாம்.

வலிப்பு வருவதற்கு விழுங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் முன்னின்று தென்னிந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வலிப்போடு வந்த பெரியவர்கள் 350 பேரில் 55 பேருக்கு, அதற்குச் சற்று முன்னால் நீலகிரியோ கற்பூரமோ சேர்ந்த தைலம், பாம், பற்பசை போன்ற ஏதோ ஒன்றின் தொடர்பு இருந்தது. தேய்த்தவர்கள், முகர்ந்தவர்கள், விழுங்கியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. சிலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. தைலம் தேய்த்தவர்களுக்கெல்லாம் வலிப்பு வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கோடிக்கணக்கானவர்கள் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வலிப்பு நோய் உள்ள ஒருவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், தலைமாட்டில் என்ன புட்டி இருக்கிறது என்று மருத்துவர் கேட்க வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் இந்தக் கேள்வி அரிதாகத்தான் எழுகிறது.

கற்பூரம் நீலகிரியைவிட முரடு. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டு இளஞ்சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஏறக்குறைய இதே சரக்கு அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயில் 20 சதவீதக் கற்பூரமாக மருந்துக் கடைகளில் விற்றது. விளக்கெண்ணெய் என்று நினைத்து இதை எடுத்துக் குழந்தைகளுக்குப் புகட்டிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கவே, 1982-இல் அதைத் தடை செய்தார்கள். பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்று அங்குள்ள விதி. நம் வீட்டுக் கிண்ணத்தில் எத்தனை சதவீதம் என்பது போட்டவர் கைக்கே வெளிச்சம். பூசைக்கு விற்கும் கற்பூரம் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. மருந்துத் தரம் என்று யாரும் அதற்குச் சான்று தருவதில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான கற்பூரம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் ஏறும். தொட்டிலில் கற்பூர முடிச்சுக் கட்டித் தொங்கவிடுவது, ஓமமும் கற்பூரமும் சேர்த்துத் துணியில் கட்டி மூக்கருகே பிடிப்பது இரண்டும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

மூக்கடைப்புக்கு மெந்தால் தருவது நிம்மதி, நிவாரணம் இல்லை. முகர்ந்ததும் மூக்கு திறந்தது போல் இருக்கும். காற்றோட்டத்தை அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலை மெந்தால் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த வாயிலை மெந்தாலைக் கொண்டே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவில் தூக்கம் வர இந்த ஏமாற்று உதவினால் பெரியவர்கள் ஏமாந்துகொள்ளலாம், தப்பில்லை. கைக்குழந்தையின் மூக்கடியில் மட்டும் தடவக் கூடாது. மெந்தாலும் கற்பூரமும் பட்டு மூச்சுக்குழல் இறுகிக் குழந்தை மூச்சு நிறுத்திய சம்பவங்கள் உண்டு.

ஆவி பிடிப்பதில் ஆபத்து தைலத்தைவிட வெந்நீரில். போர்வைக்குள் பாத்திரம் கவிழ்ந்து தொடையிலும் மார்பிலும் வெந்துபோன குழந்தைகள் தீக்காயப் பிரிவுகளில் வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சாதாரணச் சளி ஆவியால் சீக்கிரம் குணமாகிறது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், பொது இடங்களில் குழாய் வைத்து ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தன. அப்படிச் செய்ய வேண்டாம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் நியாயமான மருந்து. அதில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால் இருக்கிறது. பல் மருத்துவர் தற்காலிகமாகக் குழியை அடைக்கும் துத்தநாகக் கலவையிலும் இதே யூஜினால்தான் உண்டு. பல் மருத்துவமனைக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது இதனுடையதுதான். ஒரு சொட்டைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்தால் அன்றிரவைத் தள்ளிவிடலாம். ஈறில் அப்படியே தேய்த்தால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். வலி நின்றுவிட்டது என்று பல்லை மறந்துவிடுவது வேறு கதை. பற்சொத்தை உள்ளே தன் வேலையை நிறுத்துவதில்லை. பல் முளைக்கும் குழந்தைக்கு இதைத் தடவக் கூடாது. ஐந்து பத்து மில்லி விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் செயலிழந்திருக்கிறது.

முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் தேய்க்கும் தைலங்களில் பலரும் கவனிக்காத ஒரு பெயர் உண்டு: மெத்தில் சாலிசிலேட். நீலகிரிக் கடைகளில் விண்டர்கிரீன் என்று விற்பது இதைத்தான். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. சுத்தமான விண்டர்கிரீன் ஒரு தேக்கரண்டி ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இதய நோயாளிகள் தினம் ஒன்றாக விழுங்கும் 75 மில்லிகிராம் மாத்திரையில் கணக்கிட்டால் தொண்ணூறைத் தாண்டும். ஒரே மடக்கில் குழந்தை இறந்துபோகலாம். தோலில் தேய்த்தாலும் இரத்தத்தில் சேரும். நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர், வலிப் பூச்சுகளை உடம்பெங்கும் அளவில்லாமல் பூசி, 2007-இல் இந்த நஞ்சால் இறந்தார். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் தினமும் இதைத் தேய்த்தால் மருந்தின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம். வால்வு மாற்றிக்கொண்ட தாத்தா மாத்திரைச் சீட்டைக் காட்டும்போது தைலத்தைச் சொல்வதே இல்லை. அது மருந்துக் கணக்கில் வராது என்பது அவர் எண்ணம். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் தோலைப் புண்ணாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. பலன் என்று பார்த்தால், தசைப்பிடிப்புக்குச் சற்று இதம் உண்டு. நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்துக்குச் சாலிசிலேட் பூச்சு பெரிதாக உதவுகிறது என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு மெலிந்துதான் இருக்கிறது. தேய்த்துவிடுகிற கையின் பங்கு அதில் எவ்வளவு என்று யாராவது பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தோல் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். வறண்ட தோலுக்கும் குழந்தைகளின் கரப்பானுக்கும் அது உதவுவதை ஆய்வுகளும் ஏற்கின்றன. வேப்பெண்ணெய் வெளிப்பூச்சாக இருக்கும்வரை பெரிய தொல்லை தராது, நாற்றம் ஒன்றைத் தவிர. கார்போகரிசி எண்ணெய் அப்படியில்லை. வெண்புள்ளிக்குப் பூசும் இதில் சோரலென் இருக்கிறது. சூரிய ஒளியோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும், ஒளி சற்று கூடினால் கொப்புளமாக வெடிக்கும். எத்தனை நிமிடம் வெயில் என்று சொல்லத் தெரிந்த வைத்தியரிடம் மட்டுமே இதற்குப் போக வேண்டும். சேராங்கொட்டை இன்னும் கடுமை. வெளுக்கப் போடும் துணியில் அழியாத குறி போடப் பயன்பட்ட கொட்டை அது. அதன் பால் பட்ட தோல் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் அதைத் தொடுவதில்லை. மருந்துச் சட்டத்தின் நச்சுச் சரக்குப் பட்டியலிலும் அது இருக்கிறது. காணொளியைப் பார்த்து வீட்டில் காய்ச்ச வேண்டிய பொருளே இல்லை.

வயிற்றுக்கு வருவோம். குடல் எரிச்சல் நோயில் புதினாத் தைலம் நன்றாகவே உதவுகிறது, ஆனால் குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட மாத்திரையாக. புட்டியிலிருந்து சொட்டினால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். விளக்கெண்ணெய் எப்படிப் பேதியாக்குகிறது என்பது 2012-இல்தான் தெளிவாகத் தெரிந்தது. அதன் ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியை முடுக்குகிறது. அதே ஏற்பி கருப்பையிலும் உண்டு. வலி எடுக்கட்டும் என்று நிறைமாதப் பெண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த பழைய மருத்துவச்சிகளின் கணக்கு பொய்யில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு வேகத்தில் வலி எடுக்கும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே கர்ப்பிணிகள் தாங்களாகக் குடிக்கக் கூடாது. ஆமணக்கில் கொடிய நஞ்சான ரிசின் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது நீரில் கரையும் புரதம். புண்ணாக்கில் தங்கிவிடும், எண்ணெயில் வராது.

இனி கைக்குழந்தைகள். எண்ணெய் விபத்துகளில் மிகக் கனமான பகுதி இது. குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவது, தொண்டையில் எண்ணெய் விட்டுச் சளியை வழித்தெடுப்பது, அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமும். எண்ணெய் வழவழவென்று இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே கரையாமல் தங்கி நிமோனியாவாகும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணெய் நிமோனியா பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1973-இலேயே கட்டுரை வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் குளிப்பாட்டும் முறை மாறவில்லை. பெற்றவள் வேண்டாம் என்றாலும், 'உன்னையும் இப்படித்தான் வளர்த்தோம்' என்ற ஒரு வார்த்தையில் அவள் வாய் அடைந்துவிடுகிறது.

வேப்பெண்ணெய் உள்ளுக்குப் போனதன் விளைவை மலேசியத் தமிழர்களின் வீடுகள் வழியாகவே மருத்துவ உலகம் அறிந்தது. சளிக்கும் சில்லறை நோய்களுக்கும் அங்குள்ள இந்தியக் குடும்பங்களில் சிசுக்களுக்குச் சில மில்லி வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் இருந்தது. அப்படிக் கொடுக்கப்பட்ட 13 சிசுக்கள் வாந்தி, மயக்கம், வேக மூச்சு, அடுத்தடுத்த வலிப்பு என்று வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 1981-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கல்லீரலும் மூளையும் ஒருசேரக் கெடும் நோய் அது. சிங்கப்பூரிலும் இதேபோல் நடந்திருக்கிறது. கொடுத்தவர்கள் எல்லோரும் அன்போடுதான் கொடுத்தார்கள். பேர் சொல்லாதது என்று வழங்கும் வசம்பையும் இங்கே சேர்க்க வேண்டும். அதைச் சுட்டு விளக்கெண்ணெயில் உரசி நாக்கில் தடவுகிறோம். வசம்பு எண்ணெயை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-இலேயே தடை போட்டது, காரணம் அதிலுள்ள அசரோன் என்ற பொருள்.

அதற்காகக் குழந்தைக்கு எண்ணெயே ஆகாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன. 2005-இல் வெளியான ஆய்வு அது. குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் சொல்லியிருக்கிறது. கையும் காலும் முதுகும் நம் தேங்காய் எண்ணெய்க்குத் திறந்தே இருக்கின்றன. மூக்கு, வாய், காது, கண், தொப்புள் வேண்டாம். காதுவலிக்குப் பூண்டைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட விடுவதும் இந்தத் தடைக்குள் வரும். செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியிலிருந்து தெரியாது, எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்விடும்.

பெரியவர்கள் வடித்த தைலத்தைப் பூச நினைத்தால் தனியாகப் பூசாமல் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலக்க வேண்டும். பத்து மில்லிக்கு நான்கு சொட்டு என்றால் சுமார் இரண்டு சதவீதம் வரும். அது போதும். முதல் தடவை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வருடக்கணக்கில் திறந்து மூடிய பழைய புட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம். காற்றுப் பட்டுக் கெட்ட தைலம் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். வாங்கும்போது உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, உள்ளடங்கிய பொருள்களின் அளவு நான்கும் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலாத் தலத்தில், 'ஒரிஜினல் சார், நம்ம தோட்டத்து இலை' என்று பெயரில்லாப் புட்டியை நீட்டுபவரிடம் இந்த நான்கில் ஒன்றும் இருக்காது.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், விரலை விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம். வலிப்பு எந்த நிமிடமும் வரலாம், வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும். நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவும் நேரமில்லை. கற்பூரமும் நீலகிரியும் அரை மணி நேரத்துக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடும். 108-ஐ அழைத்துவிட்டு, எத்தனை மணிக்கு, தோராயமாக எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்கப்போவது உள்ளே என்ன சரக்கு என்றுதான். விண்டர்கிரீனுக்குச் செய்யும் சிகிச்சை வேறு, கற்பூரத்துக்குச் செய்வது வேறு. நம் கடைகளில் விற்கும் புட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தை திறக்க முடியாத அழுத்துமூடி கிடையாது, சாதாரணத் திருகுமூடிதான். அதை மாற்றச் சொல்லி உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்துவது அரசாங்கத்தால் ஆகிற காரியம். அதுவரை அந்தப் புட்டி டிவி மேசையிலிருந்து பூட்டுள்ள அலமாரிக்குப் போகட்டும்.